இத எங்கேருந்து ஆரம்பிச்சிருப்பாங்க?

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து எதிர்வீட்டு அக்காவை அழைத்துக்கொண்டு ஒருமுறை சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, சென்னை நெருங்கும்போது ஈஞ்சம்பாக்கத்தில் வரும் ஊர் அது. அங்கே ஒரு கூடத்தில் முக்கோணமும் சதுரமும் தவிர வேறொன்றும் இல்லாத ஓவியம் மாட்டியிருந்தது. வந்தவர்களில் பலர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டு நகர்ந்தார்கள். அக்கா நகரவில்லை. தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இத எங்கேருந்து தம்பி ஆரம்பிச்சிருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே காற்றில் விரலால் கோடிழுத்துப் பார்த்துவிட்டு, "நடுவுலேருந்துதான். இந்த முக்கோணத்த வச்ச பிறகுதான் மத்ததெல்லாம் வந்திருக்கு" என்றார்.

ஏழு புள்ளி வைத்து, ஊடுபுள்ளி நான்கு வரை இறக்கி, முப்பத்தேழு புள்ளிகளையும் ஒரே கம்பியில் சுற்றி வரும் கை அவருடையது. கோலத்தைப் பார்த்து யாரும் "இது என்ன?" என்று கேட்பதில்லை. எங்கே புறப்பட்டது, எப்படி வளைந்தது, எங்கே வந்து சேர்ந்தது என்றுதான் கண் தானாகப் பின்தொடரும். முக்கோணம், சதுரம் போன்ற வடிவங்களால் மட்டுமே ஆன வடிவியல் அரூப ஓவியத்தை ரசிக்க அந்தக் கண் போதும். நம் ஊரில் பலருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. கூடத்துக்குள் நுழையும்போது அதை வாசலில் விட்டுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே போவது?

சோழமண்டலத்தையே முதலில் சொல்வேன். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் 1966இல் உருவாக்கிய கிராமம் அது. பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருமானத்தில் சுதந்திரமாக ஓவியம் வரைந்தார்கள். சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை நிரந்தரமாகக் காட்டும் அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. அதோடு, மாறிமாறிக் கண்காட்சிகள் நடக்கும் கூடங்களும் அங்கே உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். மூன்று ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சுவரில் உள்ள பெயர்ச்சீட்டை ஐந்து நிமிடம் கழித்துப் படித்தால் போதும்.

மூன்று தூரத்தில் நில்லுங்கள்

'பாலும் பழமும்' கட்டம் போட்ட பட்டுச்சேலையைக் கடைக்காரர் விரித்துக் காட்டும்போது என்ன செய்வோம்? எட்ட நின்று பார்த்தால் இரண்டு நிறமும் கலந்து மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும். கிட்டே போனால் கட்டங்கள் பிரியும். கையில் எடுத்தால் இழை தெரியும். ஓவியத்தையும் அப்படியே பாருங்கள். கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, எது முன்னே வருகிறது, எது பின்வாங்குகிறது என்று தெரியும். நாலடி தூரத்தில் வடிவங்களுக்கு இடையிலான உறவு தெரியும். ஒரு முழத்தில் தூரிகையின் தடம் தெரியும். மூன்றும் மூன்று வேறு ஓவியங்கள்.

ஓரத்தைப் பாருங்கள்

இத்தகைய ஓவியங்களில் உயிர் இருப்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். ரஷ்ய ஓவியர் கசிமிர் மாலெவிச் 1915இல் வரைந்த 'கறுப்புச் சதுரம்' உலகப் புகழ் பெற்றது. உற்றுப் பார்த்தால் அதன் பக்கங்கள் சரியான இணைகோடுகளாக இல்லை. அளவுகோல் சொல்வதைக் கை கொஞ்சம் மீறியிருக்கிறது. கோலத்தில் அச்சு உருளையால் போட்டதற்கும் விரலால் இழுத்ததற்கும் உள்ள வேறுபாடு போலத்தான் இதுவும்.

அக்கா கேட்ட கேள்வியை அந்தச் சதுரத்திடமும் கேட்டிருக்கிறார்கள். அது இருக்கும் மாஸ்கோ திரெத்தியாகோவ் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் அதை எக்ஸ்ரே எடுத்து, கறுப்புக்கு அடியில் வண்ணங்கள் நிறைந்த வேறு இரண்டு ஓவியங்கள் இருப்பதை 2015இல் அறிவித்தார்கள். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் ஒரு சதுரத்துக்கு மாலெவிச் வந்து சேர்ந்த பாதை அது.

கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களுமாக நமக்குத் தெரிந்த பியட் மோந்திரியானும் அங்கேயே தொடங்கவில்லை. 1911இல் அவர் வரைந்த 'சாம்பல் மரம்' ஓவியத்தில் கிளைகள் பிரிந்து, வளைந்து, மெல்ல வெறும் கோடுகளாகிக்கொண்டிருப்பதைக் காணலாம். மரத்திலிருந்து கட்டத்துக்கு வந்தவர் அவர். அது தெரிந்தபின் அந்தக் கட்டங்களைப் பார்த்தால், கோடுகளுக்குள் ஒரு வளர்ச்சியின் விசை இருப்பது புலப்படும்.

வெற்றிடத்தையும் பாருங்கள்

நம் சாதகத்தின் ராசிக்கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பன்னிரண்டு வீடுகள், நடுவில் பெரிய வெற்றுச் சதுரம். அந்த வெறுமைதான் பன்னிரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. 1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களுக்கு முன் நிற்கும்போது எனக்கு இந்த நினைவுதான் வரும். கட்டங்கள், கணிதக் குறிகள், எழுத்துப் போலத் தோன்றினாலும் படிக்க முடியாத வரிகள். படித்துப் பொருள் காண முயலாமல், எழுத்து எங்கே அடர்கிறது, எங்கே வெற்றிடம் விடுகிறது என்று பாருங்கள்.

வெற்றிடத்தின் பேரழகைக் காட்டியவர் நஸ்ரீன் முகமதி (1937–1990). பரோடாவில் ஆசிரியராக இருந்தவர். பென்சில், மசி, வரைபடக் கருவிகள், வெள்ளைத்தாள் இவ்வளவுதான் அவரது பிற்கால உலகம். தம் படைப்புகளுக்குப் பெயர் வைக்கவில்லை. கைகளைத் தளரச் செய்யும் நரம்புநோய் வந்தபின்பும் மயிரிழை போன்ற கோடுகளை இழுத்துக்கொண்டே இருந்தார். அவர் ஓவியத்தின் பிரதியாவது கிடைத்தால், கோடுகளுக்கு இடையில் உள்ள வெள்ளை எப்படிக் குறுகி விரிகிறது என்று கவனியுங்கள். மூச்சு விடுவது போலிருக்கும்.

நிறத்துக்குப் பக்கத்து நிறம்

அரக்குக் கரையோடு நெய்த மாம்பழ மஞ்சள் வேறு, பச்சைக் கரையோடு நெய்த அதே மஞ்சள் வேறு. இதைப் புடவை எடுக்கும் எல்லோரும் அறிவார்கள். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கி, 1976இல் இறக்கும்வரை, சதுரத்துக்குள் சதுரம் வைத்து இந்த ஒரே உண்மையைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

நமக்கு நெருக்கமாக வி. விஸ்வநாதன் இருக்கிறார். கேரளத்தில் 1940இல் பிறந்து, சென்னையில் பணிக்கரிடம் பயின்று, சோழமண்டலத்தின் தொடக்ககால உறுப்பினராகி, 1968இல் பாரிஸில் குடியேறியவர். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் கலந்த வண்ணத்தில் முக்கோணங்களையும் சதுரங்களையும் வரைவார். அவர் படத்தில் ஒரு முக்கோணத்தை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள். பக்கத்து நிறம் சோர்ந்துவிடும். கையை எடுங்கள். மீண்டும் எழுந்து நிற்கும்.

எதற்காக இப்படி வரைந்தார்கள்?

ஐந்து நிமிடம் பார்த்தபின் இந்தக் கேள்விக்கு வரலாம். சோழமண்டலத்திலிருந்து அதே கடற்கரையில் வடக்கே போனால் அடையாறு, அங்கே பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம். மோந்திரியான் 1909இல் அந்தச் சபையின் உறுப்பினரானவர். கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கை வடிவத்தாலும் நிறத்தாலும் காட்ட முடியும் என்ற நம்பிக்கை அவரையும் அவர் காலத்து ஓவியர் சிலரையும் செலுத்தியது. ஓவியர் எஸ்.எச். ராசாவுக்கு வழி வேறு. மத்தியப் பிரதேசக் கிராமத்துப் பள்ளியில், அலைபாயும் சிறுவனை அடக்க ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார் என்று அவர் சொல்லியிருக்கிறார். பல பத்தாண்டுகள் பிரான்சில் வாழ்ந்தபின் அந்தப் புள்ளியே 'பிந்து'வாக அவர் ஓவியத்தின் நடுவுக்கு வந்தது. சோழமண்டலத்தின் கே.வி. ஹரிதாசன் தாந்திரிக வழிபாட்டு யந்திரங்களிலிருந்து புறப்பட்டார். ஒரே வட்டமும் முக்கோணமும்தான். புறப்பட்ட இடங்கள்தான் வேறு.

வீட்டருகே பயிற்சி

சோழமண்டலம் போக நாளாகும் என்றால், இங்கேயே தொடங்கலாம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலை சீர் செய்பவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இழுத்துப் பிடித்த இடத்தில் வலைக்கண் சாய்சதுரமாக இருக்கும், தளர்ந்த இடத்தில் நெளியும். கழிமுகத்தில் நீர் வடியும்போது அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றில் குத்திட்டு நிற்கும். ஊருக்குள் போனால், 1693இல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் திட்டமிட்ட நேர்த்தெருக்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937இல் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதி, முகப்பு முழுக்கக் கிடைமட்டப் பலகைகளால் ஆனது. காற்றும் நிழலும் வேண்டி வைத்த பலகைகள் வெயில் சாயச்சாய வேறு வேறு கோடுகளை வரையும். அது தங்குமிடம் என்பதால் வெளியிலிருந்தே பாருங்கள். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயிலும் மாணவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால், ஒரு நேர்க்கோடு போடுவது எவ்வளவு கடினம் என்று கேட்டுப் பாருங்கள்.

சோழமண்டலம் போய்வந்த அடுத்த மார்கழியில் ஒருநாள் அதிகாலை, அக்கா வாசலில் பெரிய கோலம் போட்டு வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் நிரப்பியபின் நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெறும் தரையாக, சாணம் தெளித்த ஈரத்தோடு இருந்தது.

"அத ஏன்க்கா விட்டுட்டீங்க?"

நிமிராமலே சொன்னார்: "அங்கேருந்துதான் தம்பி ஆரம்பிச்சேன்."