காசு கீறும் எல்லைக்கோடு

ஒரேகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று அமெரிக்காவின் வடமேற்கில் இரண்டு அரச பல்கலைக்கழகங்கள். 1915இல் வேர்விட்ட பசிபிக் கரைக் கூட்டணியில் 12 பல்கலைக்கழகங்களில் இரண்டாக இருந்தவை. 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்தக் கூட்டணியில் மிஞ்சியது இவை இரண்டும்தான். களத்தில் தோற்றுத் தரமிறங்கவில்லை, ஒழுங்கு மீறித் தடை வாங்கவும் இல்லை. மற்றப் பத்துப் பேரும் காசு கூடிய பக்கம் போவதாக அறிவித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். 2022 ஜூன் 30இல் லொஸ் ஏஞ்சல்ஸின் இரு பெரிய பல்கலைக்கழகங்களும் பிக் டென் கூட்டணிக்குத் தாவின. அடுத்த ஓகஸ்ட்டிலேயே பிக் டென், ஃபொக்ஸ், சீ.பீ.எஸ்., என்.பீ.சீ. நிறுவனங்களோடு ஏழு வருட ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. பெறுமதி 7 பில்லியன் டொலருக்கு மேல். பசிபிக் கூட்டணியிடம் அதற்கு ஈடாக ஒன்றும் இருக்கவில்லை. அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த திட்டத்தில், எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வருமானம் ஏறும். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. 2023 ஓகஸ்ட் 4ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. கடைசியில் பசிபிக் கரையிலேயே இருக்கும் ஸ்டான்ஃபோர்ட்டும் அத்திலாந்திக் கரைக் கூட்டணியில் சேர்ந்தது.

இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் அமெரிக்கன் கால்பந்தை வைத்து எழுதப்பட்டவை. ஆனால் கரைவிட்டுக் கரை பறக்கவேண்டியது கரப்பந்தாட்டப் பிள்ளைகளும் நீச்சல் வீராங்கனைகளும்தான். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பிக் டென்னின் கிழக்கு முனையான நியூ ஜேர்சி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஆட்டம் முடிந்து திரும்பி வந்து மறுநாள் பரீட்சை எழுத வேண்டும். ஒளிபரப்பு உரிமையை விலைபேசிய மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரை போடப்படவில்லை.

இலங்கை மலையகத்தின் லிந்துலையில் இருந்துகொண்டு இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், காசு கீறும் இதே எல்லைக்கோட்டைத்தான் நம் தலைக்கு மேலாகவும் கீறுகிறார்கள். 2024 முதல் 2027 வரை சர்வதேச கிரிக்கெட் சபை பிரித்துக்கொடுக்கும் வருமானத்தில் இந்தியாவின் பங்கு 38.5 சதவீதம். இலங்கைக்கு 4.52 சதவீதம் என்று செய்திகள் சொல்கின்றன, வருடத்துக்குச் சுமார் 27 மில்லியன் டொலர். 1996இல் உலகக் கிண்ணத்தையும் 2014இல் இருபது20 உலகக் கிண்ணத்தையும் வென்ற நாட்டுக்கு இதுதான் பங்கு. 2025ஆம் ஆண்டில் இங்கிலாந்து 10 டெஸ்ட் ஆடியது, நாம் ஆடியது 4. டெஸ்ட் நாடுகளை இரண்டு பிரிவாக்கலாம் என்ற பேச்சும் அடிக்கடி தலைதூக்குகிறது. அது நடந்தால் ஒரேகன் ஸ்டேட் நின்ற இடத்தில் இலங்கை நிற்கும். கொழும்பில் இதைக் கேட்டுக் கோபப்படாத ரசிகர் இல்லை. அந்தக் கோபத்தில் நானும் பங்காளி.

ஆனால் வெளியே நமக்கு நடப்பதை உள்ளே நாம் மலையகத்துக்குச் செய்துகொண்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் சர்வதேச சபையை மட்டும் திட்டுவது நேர்மையாகாது.

நம் முதல்தரக் கிரிக்கெட் கழகங்கள் ஒரு கட்டத்தில் 26 வரை பெருகின. பெரும்பாலானவை கொழும்பையும் மேல் மாகாணக் கரையோரத்தையும் சுற்றியே இருந்தன. முப்படைகளுக்கும் பொலிஸுக்கும்கூடக் கழகம் உண்டு, நுவரெலியா மாவட்டத்துக்கு ஒன்றும் இல்லை. கழகங்களைக் குறைத்து மாகாண அணிகளைக் கொண்டுவாருங்கள் என்று மஹேல ஜயவர்தன உட்படப் பலர் வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். கழகம் என்றால் வாக்கு. இலங்கை கிரிக்கெட் நிறுவனத் தேர்தலில் 140க்கு மேற்பட்ட வாக்குகள் இருந்த காலத்தில் எந்த நிர்வாகம் தானாக முன்வந்து கழகங்களில் கைவைக்கும்? அமெரிக்காவில் தொலைக்காட்சி கீறிய கோட்டை இங்கே வாக்கு கீறியது. கண்டியில் பிறந்த முரளிதரனும் முதல்தரக் கிரிக்கெட்டுக்குக் கொழும்புத் தமிழ் யூனியனுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தது. 2022இல் தேசிய சுப்பர் லீக். இரண்டிலும் அதே ஐந்து பெயர்கள்: கொழும்பு, காலி, கண்டி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். முதல் நான்கிலும் சர்வதேச மைதானம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அப்போது அப்படியொரு மைதானம் இல்லை. இருந்தும் அந்தப் பெயருக்குச் சந்தை இருந்தது, புலம்பெயர்ந்த ரசிகர்கள் இருந்தார்கள், 2021இல் லைக்கா நிறுவனம் அணியை வாங்கியது. லங்கா பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து தொடர்களில் நான்கை யாழ்ப்பாணம் வென்றது. யாழ். மத்திய கல்லூரிப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணியின் சீருடையில் முகம் காட்டி, 2024இல் ஐ.பீ.எல். வரை போனான். வரைபடத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தக் காசும் நிலையானதல்ல. 2025 ஏப்ரலில் யாழ்ப்பாண, கொழும்பு அணிகளின் உரிமையாளர்களோடு செய்த ஒப்பந்தத்தை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் முறித்துக்கொண்டது. உரிமையாளர் போனால் அணிக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மலையகத்துக்குப் பழசு. லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ரதெல்ல மைதானம் இருக்கிறது, திம்புள்ள கழகத்தின் மைதானம். திம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று தோட்டத் துரைமாரின் கழகங்கள் கொழும்பின் பெரிய கழகங்களோடு கிளிஃபோர்ட் கிண்ண ரக்பியில் நேருக்கு நேர் மோதிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கழகங்களைத் தாங்கியது தேயிலைக் கம்பனிகளின் ஆட்களும் காசும். தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு கம்பனிகள் போயின, வெள்ளைக்காரத் துரைமாரும் போனார்கள், மலைநாட்டு ரக்பியின் மையம் கண்டி நகருக்கு நகர்ந்தது. 1992இல் தோட்டங்கள் மறுபடி தனியார் முகாமைக்குக் கைமாறின. ரக்பியில் திம்புள்ளையின் பழைய இடம் கைமாறி வரவில்லை. அந்த நல்ல காலத்திலும் கொழுந்து பறித்தவரின் பிள்ளை அந்தப் புல்லில் விளையாடியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மைதானம் எங்கள் மலையில், ஆட்டம் அவர்களுடையது.

இன்றைக்குத் தோட்டத்துப் பையன் ஆடுவது லயத்துக்கு மேலே மண் வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தில். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் இறக்கத்தில் தேயிலை மலை. பந்து செடிக்குள் விழுந்தால் ஆட்டம் நின்று இரண்டு அணியும் இறங்கித் தேடும். மென்பந்துதான். கடினப்பந்துக்குக் கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். 2024இல் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தார்கள். அப்படியான சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மட்டைக்கு மிச்சம் பிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. மென்பந்தில் நேராக இழுத்து அடிக்கும் பையனை 18 வயதில் கொண்டுபோய்க் கடினப்பந்துத் தேர்வில் நிறுத்தினால், எழும்பி வரும் பந்துக்குப் பின்னங்கால் போடத் தெரியாமல் நிற்பான். திறமை இல்லை என்று எழுதிவிடுவார்கள். கண்டிக்குப் போய்வரும் பேருந்தில் கழியும் ஆறு மணிநேரத்தை அந்தத் தாளில் எழுத மாட்டார்கள்.

கண்டி அணி மலையகத்துக்கும் சேர்த்துத்தானே என்பார்கள். பெயரளவில் சரி. கண்டி நகரப் பாடசாலைகளுக்குப் புற்றரை உண்டு, முழுநேரப் பயிற்சியாளர் உண்டு, பழைய மாணவர் சங்கங்களின் பணமும் உண்டு. அங்கிருந்தே 15 பேரைப் பிடித்துவிடலாம் என்னும்போது ஹட்டன் பக்கம் யார் வருவார்? கேட்காமல் வராது. லங்கா பிரீமியர் லீக் அணிகளுக்குப் புதிய ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொரு முறையும், கண்டி அணியை எடுப்பவர் நுவரெலியா மாவட்டத்தில் கடினப்பந்துத் தேர்வு நடத்தியே ஆகவேண்டும் என்று ஒரு நிபந்தனை போடட்டும். ஒளிபரப்புப் பணத்தை அணிகளுக்குப் பிரிக்கும் முன், தூரத்துப் பிள்ளைகளின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு பங்கை எடுத்து வைக்கட்டும். அமெரிக்காவில் பணத்தைப் பிரித்த பிறகுதான் பயணத்தைப் பற்றி யோசித்தார்கள்.

அங்கே கைவிடப்பட்ட இருவரும் நீதிமன்றம் போய்க் கூட்டணியின் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2026 முதல் புது உறுப்பினர்களோடு அதை மறுபடி கட்டுகிறார்கள். அவர்கள் கையில் ஒரு பெயரும் சட்ட உரிமையும் மிஞ்சியிருந்தன. நுவரெலியாவுக்கோ இழப்பதற்கு ஓர் அணிகூட இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே மாவட்ட அணி வேண்டும் என்பதை, தேர்தல் காலத்தில் மட்டும் மலையேறும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் விளையாட்டு அமைச்சில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு அங்கே பதிவாகாது.

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இந்தப் பள்ளத்தாக்கில் ஆடுகளம் காயாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான் வெயில் நிலைக்கும், நிலம் இறுகும், கடினப்பந்து சரியாக எழும்பும். தேர்வு வைப்பதென்றால் அந்த மூன்று மாதத்துக்குள் ரதெல்லவில் வையுங்கள். கண்டியிலிருந்து இரண்டு பயிற்சியாளரும், தோட்டம் தோட்டமாகப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு பஸ்ஸும் போதும்.