மூலமும் உரையும்: வீட்டுக் கணினியும் திறந்த மூல மென்பொருளும் பற்றிய ஓர் ஆய்வு

திறனாய்வு என்றவுடன் காவியமும் நாடகமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கருவியொன்றைப் பழுதுபார்த்தற்கு எழுந்த நூலையும், அக்கருவியை இயக்கும் மென்பொருளையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். கொள்ளலாம் என்பதற்குத் தமிழ்ச் சொல்லே சான்று தருகின்றது. மென்பொருளை ஆக்கியோன் எழுதிய நிரலுக்கு இன்று தமிழில் வழங்கும் பெயர் 'மூலம்' என்பது. ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்த பெரியோரும் ஆசிரியன் வாக்கை உரையினின்று பிரித்துச் சுட்டுதற்கு இச்சொல்லையே ஆண்டனர். மூலம் என ஒன்று உண்டாயின் பிழையும் உண்டு, பாடபேதமும் உண்டு, உரைகாரனுக்கு வேலையும் உண்டு.

இக்காலத்தே மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதுவோர் பலர். விலை யாது, தோற்றம் எத்தகையது, விரைவு எவ்வளவு என்னும் மூன்றையும் அட்டவணையிட்டு மதிப்பெண் வழங்கி அவர்கள் அமைந்துவிடுகின்றனர். இஃது ஒரு நூலை அதன் அட்டை, தாள், விலை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவதையே ஒக்கும். இவ்வொப்பீடுகள் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. மென்பொருள் பழுதுற்றவிடத்து, அப்பழுதின் காரணத்தைக் கண்டு திருத்தும் உரிமையும் வழியும் பயன்படுத்துவோனுக்கு உளவோ என்பதே அது. இவ்வினாவைக் கேட்டவர்களுள் எண்பதுகளில் வீட்டுக் கணினிகளோடு போராடிய ஆர்வலர்களும் அடங்குவர். ஆதலின் அவர்கள் வரலாற்றிலிருந்து தொடங்குதல் தகும்.

1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே இங்கிலாந்திற் சின்கிளேர் நிறுவனம் இசட்எக்ஸ் 81 என்னும் கணினியை வெளியிட்டது. உதிரியாக வாங்கித் தாமே பொருத்துவோர்க்கு அதன் விலை 49.95 பவுண், பொருத்தியதன் விலை 69.95 பவுண். அதன் நினைவகம் ஒரு கிலோபைற்று மாத்திரமே. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் 16 அல்லது 48 கிலோபைற்று நினைவகம் உடையது. இவை தமக்கெனத் திரை இல்லாதவை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகவும், ஒலிநாடாக் கருவியையே சேமிப்புக் கலமாகவும் கொண்டவை. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தோன்றியது. ரூபவாகினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆகவே இந்நாட்டில் வீட்டுக் கணினிக்கு வேண்டிய திரை பரவத் தொடங்கிய காலமும், அக்கணினி உலகிற் பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

அக்கருவிகள் அடிக்கடி பழுதுற்றன. இசட்எக்ஸ் 81 இன் பின்புறத்தே செருகப்படும் மேலதிக நினைவகப் பெட்டி சற்றே அசைந்தாலும் இயக்கம் நின்றுவிடும். மணிக்கணக்காகத் தட்டெழுதிய நிரல் கணத்தில் மறையும். ஆர்வலர்கள் இறப்பர் வளையத்தாலும் பசைக்களியாலும் அப்பெட்டியை அசையாது நிறுத்தினர். செருகுமுனையிற் படிந்த களிம்பைப் பென்சில் அழிப்பானாற் போக்கினர். ஒலிநாடாவிலிருந்து நிரல் ஏறாதபோது, நாடாவைப் படிக்கும் தலையின் சாய்வைச் சிறு திருகாணி கொண்டு சீர்செய்தனர். கண்டியும் அதன் சூழலும் போன்ற ஈரமிகு மலைப்பகுதிகளில் உலோக முனைகளுக்குக் களிம்பு எளிதில் ஏறும். பருவக்காற்று மாறும் மாதங்களிற் பிற்பகல் இடியும் மின்னலும் மிகும். அத்தகைய இடத்தில் மின்கருவியைப் பேணுவோனுக்கு இவ்வறிவு இன்றியமையாதது.

ஸ்பெக்ட்ரத்தின் பழுதொன்று சிறப்பாக நோக்கற்பாலது. அதன் முதல் 16 கிலோபைற்று நினைவகம் எட்டுச் சிப்புகளால் ஆயது. அச்சிப்புகளுக்கு நேர் 5, நேர் 12, எதிர் 5 என மூவகை வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். எதிர் 5 வோல்ற்று தவறி ஏனையவை நிலைத்திருப்பின் சிப்புகள் கெடும். அம்மின்னழுத்தத்தை ஆக்கும் சுற்றிலே ஒரு திரான்சிஸ்டர் பழுதாவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கெட்ட சிப்பை மாத்திரம் மாற்றி மின்சாரம் பாய்ச்சுவோன் புதுச் சிப்பையும் இழப்பான். நோயின் வெளிப்பாட்டை விடுத்து அதன் முதலை நாடுக என மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறியை இப்பழுது போலத் தெளிவாகப் புகட்டுவது பிறிதில்லை. அந்நெறியைப் பின்பற்றுதற்கோ சுற்றின் படம் வேண்டும். படம் மறைக்கப்பட்டவிடத்து முதலை நாடுதல் இயலாது.

இனி அக்காலத்து நூல்களை நோக்குவோம். ஸ்பெக்ட்ரத்தோடு வழங்கப்பட்ட கையேட்டை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். அது தெளிவான நூல். கணினியையே கண்டிராத ஒருவனையும் நிரல் எழுதச் செய்ய வல்லது. ஆயினும் அது கருவியைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிப்பது. கருவியின் உள்ளத்தைத் திறப்பதன்று. அக்குறையை நிரப்பியது 1983 இல் வெளிவந்த வேறொரு நூல். அயன் லோகன், பிராங்க் ஓ'ஹாரா ஆகிய இருவரும், ஸ்பெக்ட்ரத்தின் நிலை நினைவகத்திற் பொறிக்கப்பட்ட 16,384 பைற்றுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்ன கட்டளை இன்ன பயனுடைத்து என விளக்கவுரை வரைந்தனர். மூலத்தை ஆக்கியோர் வெளியிடாதபோது, படித்தோர் அதனை மீட்டெடுத்து உரை கண்டனர் என்பதே இதன் பொருள்.

இந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. உரைகாரர் மூலத்தைப் போற்றுவதோடு அமையாமல் பிழை உள்ளவிடத்துப் பிழை என்றே சொல்கின்றனர். எடுத்துக்காட்டாக, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை இடைமறித்து, பயன்படுத்துவோன் குறித்த இடத்துக்குக் கட்டுப்பாட்டை மாற்றும் வழியொன்று அம்மூலத்தில் உண்டு. குறித்த எண் சுழியம் அன்றாயின் அவ்விடத்துக்குச் செல்லுதல் வேண்டும். ஆனால் நிபந்தனை தலைகீழாக நிற்கின்றது. சுழியமாயின் மட்டுமே அது செல்லும். இதனால் அவ்வழி முழுதும் பயனற்றதாயிற்று. ஒரு கட்டளையின் மாறாட்டம் ஒரு வசதியையே அழித்ததனை உரைகாரர் எடுத்துக்காட்டினர். எனினும் அவர்களால் அதனைத் திருத்த இயலவில்லை. பிழையைக் காட்டும் அறிவு அவர்களிடத்து இருந்தது. திருத்தி வழங்கும் உரிமை நிறுவனத்திடத்து இருந்தது. நூலின் குறை என்று சொல்லத்தக்கது இஃது ஒன்றே. அதுவும் நூலாசிரியர்மேல் ஏற்றத்தக்கதன்று.

இவ்வுரிமை பற்றிய வழக்கு இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1975 இல் அல்ட்டேர் 8800 என்னும் கணினி உதிரிகளாக விற்பனைக்கு வந்தது. அதற்குப் பேசிக் மொழியை ஆக்கியளித்த பில் கேட்ஸ், 1976 பெப்ரவரி 3 ஆம் நாளிட்ட திறந்த மடலொன்றில், ஆர்வலர்கள் தம் மென்பொருளை விலைகொடாது படியெடுத்துத் திருடுகின்றனர் எனக் கடிந்தார். அல்ட்டேர் உடையோருட் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைந்தோரே பேசிக்கை வாங்கினர் என்பது அவர் முறைப்பாடு. இம்மடலை வெறும் பேராசையின் குரல் எனத் தள்ளுதல் நடுநிலையன்று. ஊதியமின்றி நல்ல மென்பொருளை எழுதிப் பிழைதிருத்தி விளக்கநூலும் தருவார் யார் என்னும் அவர் வினா நேர்மையானது. பிறன் உழைப்பை அவன் இசைவின்றிக் கவர்தல் அறமாகாது என்பதும் மெய்யே.

ஆயினும் மடலில் ஒரு குறை உண்டு. மென்பொருள் ஆக்குதற்கு விற்பனை ஒன்றே வழி என அது கொண்டது. அதனை மறுத்தற்கு நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை. டெனிஸ் அலிசன் வகுத்த 'சிறு பேசிக்' என்னும் எளிய வடிவத்தைப் பலர் தத்தம் கணினிக்கேற்ப எழுதி, மூலத்தோடு வெளியிட்டனர். அம்மூலங்களை அச்சிட்டுப் பரப்புதற்கென 1976 இல் 'டொக்டர் டொப்ஸ்' என்னும் சஞ்சிகை தோன்றியது. திருடியவன் மடலுக்கு விடையளிக்கவில்லை. தானே ஆக்கிப் பிறர்க்கு ஈந்தவனே விடையளித்தான்.

ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1985 மார்ச்சில், அதே சஞ்சிகையிலேதான் ரிச்சர்ட் ஸ்டோல்மன் எழுதிய குனு அறிக்கை வெளிவந்தது. இயக்குதல், ஆராய்தல், திருத்துதல், பகிர்தல் என்னும் உரிமைகளைப் பயன்படுத்துவோனுக்கே உரியனவாக்குதல் அவர் தொடங்கிய இயக்கத்தின் நோக்கம். 1989 இல் எழுந்த பொதுமக்கள் உரிமம் அதனைச் சட்டமொழியில் நிலைநாட்டியது. லினக்ஸ் கருவகம் 1991 இல் தோன்றி அடுத்த ஆண்டில் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998 இல் வழக்குப் பெற்றது. அறிக்கை வெளிவந்த 1985 ஆம் ஆண்டிலேயே பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் கணினிப் பொறியியலுக்கெனத் தனித்துறை அமைந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழில் இவ்வகை மென்பொருளை 'இலவச மென்பொருள்' என்பாரும் உளர். அஃது ஒப்பீட்டையே தவறான வழியிற் செலுத்தும் பெயர். இலவசம் விலையைக் குறிப்பது. விலையின்றித் தந்தும் மூலத்தை மறைத்தல் கூடும். 'கட்டற்ற மென்பொருள்' என்னும் பெயரே உரிமையைக் குறிப்பது. பெயரிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டவல்ல தமிழ், ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு பொருளும் தந்து மயக்குவதை எளிதிற் கடந்துவிடுகின்றது.

மூலம் மறைவதால் தமிழுக்கு நேரும் கேடு யாது என்பதற்கு எழுத்துருவே தக்க எடுத்துக்காட்டு. இலங்கையிற் கணினிவழி அச்சான கல்லூரி மலர்களும் கோயில் மலர்களும் வினாத்தாள்களும் பெரிதும் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டவை. இவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் கணினியின் உள்ளே தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே உள்ளது. எழுத்துரு நீங்கின் எஞ்சுவது பொருளற்ற குறிக்கூட்டம். பாமினியின் எழுத்தட்டவணை பலரும் அறிந்ததாதலின் அதனை ஒருங்குறிக்கு மாற்றுதல் எளிது. தமிழ் ஒருங்குறியில் 1991 இலேயே இடம்பெற்றது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வேறொரு அட்டவணை வகுத்து மறைத்துவைத்த எழுத்துருக்களும் பல. அவற்றில் எழுதப்பட்டவை, திறவுகோல் தொலைந்த பெட்டகத்துட் கிடக்கும் ஏடுகளை ஒப்பன. செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை வருந்தியது ஓலையின் அழிவுக்கு. இன்றோ ஓலையும் இல்லை, செல்லும் இல்லை. எனினும் அழிவு உண்டு.

மூலம் திறந்திருப்பின் உரிமையாளன் மாறினும் ஆக்கம் பிழைக்கும். சன் நிறுவனம் 2000 இல் மூலத்தைத் திறந்த அலுவலக மென்பொருள், ஓப்பன் ஆபீஸ் எனப் பெயர்பெற்றது. 2010 இல் அந்நிறுவனத்தை ஓரக்கிள் வாங்கியபின், ஆக்குநர் பலர் பிரிந்து அதே மூலத்தினின்று லிபரே ஆபீஸை அவ்வாண்டிலேயே தோற்றுவித்தனர். இலங்கையின் சகானாவும் இதற்குச் சான்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுத் தன்னார்வலர் ஆக்கிய மென்பொருள் அது. மூலம் திறந்திருந்தமையால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அந்நாட்டுக்கும் உதவிற்று. 2006 இற் சமூகப் பயனுக்கான கட்டற்ற மென்பொருள் அறநிறுவன விருதும் பெற்றது.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் முறையன்று. திறந்துவைத்தல் மாத்திரம் பிழையைத் திருத்திவிடாது. இணையத்தில் மறைமொழி காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிற் புகுந்த பெரும்பிழை, 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. உலகமே பயன்படுத்திய அம்மூலத்தை யாரும் படிக்கலாம். படித்துப் பேணியவரோ மிகச் சிலர். ஏட்டைத் திறந்துவைத்தால் உரை தானே எழாது. திறந்த மூலத்தைப் போற்றுவோர் பலர் இவ்வுண்மையை ஒப்பீட்டிற் சேர்ப்பதில்லை. தமிழ் மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். இடைமுகச் சொற்களைத் தமிழாக்கும் வழி எவர்க்கும் திறந்திருந்தும், பொருந்தாச் சொற்கள் நீடித்தற்குக் காரணம் தடையன்று. படித்துத் திருத்துவோர் இன்மையே.

ஆகவே மென்பொருளை ஒப்பிடுவோன் வினாவவேண்டியவை மூன்று. மூலம் திறந்ததா? திருத்தும் உரிமை உண்டா? அதனைப் படித்துத் திருத்துவோர் உளரா? முதலிரண்டும் ஆக்கியோர் கையில் உள்ளன. மூன்றாவது பயன்படுத்துவோர் கையில் உள்ளது. லோகனும் ஓ'ஹாராவும் உரிமையின்றியும் உரை கண்டனர். இன்றைய மாணாக்கர்க்கு உரிமை உண்டு. உரை காணும் பழக்கமே வேண்டும். கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் தமிழிற் கற்கும் பிள்ளைகள், தம்மொழிக் கருவியின் பிழையைப் பிறர் திருத்துவார் எனக் காத்திருத்தல் தகாது. கணினி வகுப்பிற் பொத்தானை அழுத்தக் கற்பித்தலோடு அமையாது, சிறு நிரலொன்றின் மூலத்தை வரிவரியாகப் படிப்பித்து, பிழை காணவும் காரணம் கூறவும் பயிற்றுதல் ஆசிரியர் கடன். இன்றேல் பெற்ற அறிவு ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.