ஒருமரத்துக் கள்ளும் சிங்கிள் மால்ட்டும்

பாபநாசத்தில் நண்பர் வீட்டுத் திண்ணை. வெளிநாட்டிலிருந்து வந்த கிளென்லிவெட், 12 வருஷச் சரக்கு. 'சிங்கிள் மால்ட்டில் இதுதான் மலிவு' என்றார். யாருக்கு மலிவு என்று கேட்காமல் கிளாஸை நீட்டினேன். தாமிரபரணித் தண்ணீர் நாலு சொட்டு விட்டதும் வாசனை விரிந்தது: அன்னாசி, வனிலா, கடைசியில் ஓக் மரத்தின் லேசான துவர்ப்பு. நன்றாகவே இருந்தது.

ஒரே வடிசாலை, முளைகட்டிய பார்லி, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் என்பதெல்லாம் செய்முறை. ரசனையின் வரலாறு வேறு. ஸ்காட்லாந்தின் லிவெட் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போனது. 1823ஆம் வருஷச் சட்டம் உரிமத்தை எளிதாக்கியது. 1824இல் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் வாங்கினார். கள்ளச்சரக்கு மரபாயிற்று.

இங்கே நடந்தது தலைகீழ். 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஒருமரத்துக் கள்ளுக்கும் கலந்த கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லும் பனையேறியின் நாக்கு குற்றவாளியின் நாக்காகிவிட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். அங்கே மலிவாகக் கிடைக்கிற 'விஸ்கி'க்கு அடிப்படை மொலாசஸ் ஸ்பிரிட். கூலிக்காரர் அதை நின்றபடியே ஒரே மடக்கில் இறக்குகிறார். 'அவனுக்குக் குடிக்கத் தெரியலப்பா' என்கிறோம் நாம், திண்ணையில் சாய்ந்துகொண்டு.

குடியைப் போற்றவில்லை, அதன் அடியை வாங்குபவர்கள் பெண்கள். ஆனால் கள்ளுக்காகப் பேசும் தோழர்கள் உடம்புக்கு நல்லது, பனைத்தொழில் பிழைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உழைப்பவருக்கு ருசிக்கவும் உரிமை உண்டு என்று சொல்லத் தயங்குவானேன்?