குருதி குடிப்பவர் யார்? – தொலைக்காட்சி யட்சியும் தேயிலை மலையும்

அச்சம் பிறக்கும் களங்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. பேயையும் ஆள்வோரையும் ஒரே வரிசையில் வைத்த இப்பகுப்பு, குருதி குடிக்கும் பேயினை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களை மதிப்பிட ஏற்ற அளவுகோலாகும். இத்தொடர்கள் அணங்கினைப் பெரிதாக்கி, இறையினை மறைத்துவிடுகின்றன என்பது ஈண்டு நிறுவப்படுகிறது.

ஏசியாநெட்டில் 2004ஆம் ஆண்டு ஒளிபரப்பாகிய ‘கடமற்றத்து கத்தனார்’ தொடர் இதற்குத் தக்க சான்றாகும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிகமாலை’ தரும் கத்தனார் கதையில், வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் குருதி குடிக்கும் யட்சியை மந்திரவாதியான பாதிரியார் தலையில் ஆணி அறைந்து அடக்குகிறார். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலிலும் இரத்தக் காட்டேரிகளை அழிக்க மார்பில் முளை அறையப்படுகிறது. ஆயினும் வேறுபாடு பெரிது. டிராகுலா கோட்டையும் செல்வமும் உடைய பிரபு; தொல்காப்பிய வழக்கில் கூறின், அணங்கும் இறையும் ஒன்றாகியவன். யட்சியோ உடைமையற்ற பெண். அவள் அடக்கப்படுவதே கதையின் முடிபாகிறது. அவள் ஏன் அவ்வாறானாள் என்பது பின்தள்ளப்படுகிறது.

வாய்மொழி மரபு இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. குமரி மாவட்ட வில்லுப்பாட்டில் வழங்கும் நீலி கதையில், தன்னை நம்பிப் பின்வந்த பெண்ணை நகைக்காக ஒருவன் கொல்கிறான். கொலையுண்டவளே மறுபிறப்பில் நீலியாகிப் பழி தீர்க்கிறாள். இங்குக் குருதி முதலில் சிந்தப்பட்டது அவளுடையதே. காரணத்தை முதலில் வைக்கும் வில்லுப்பாட்டு, கேட்போரிடம் அச்சத்துடன் இரக்கத்தையும் எழுப்புகிறது.

இவ்வேறுபாடு இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியார் போன்ற ஊர்களை நோக்கத் தெளிவாகும். தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. தமிழ், மலையாளம் ஆகிய இருமொழிப் பேய்க்கதைகளும் இங்கு எட்டும். ஆனால் மலைத்தோட்ட வாழ்வில் குருதி உறிஞ்சல் என்பது வெறுங்கற்பனை அன்று. மழைக்காலத்தில் அட்டை உறிஞ்சுகிறது; அது விலங்கு. தொழிலாளர் உழைப்பை உறிஞ்சியவர் யார் என்பதே அடுத்த வினா. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ (1969) இவ்வினாவை எழுப்புகிறது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்த இந்நாவல், முன்பணத்தால் பிணைக்கும் கங்காணியையும் கொடுமை புரியும் துரையையும் காட்டுகிறது. ‘சிவந்த தேநீர்’ எனப் பொருள்படும் மூலத்தின் தலைப்பே குருதியை நினைவூட்டுவது. மூலதனத்தை இரத்தக் காட்டேரிக்கு ஒப்பிட்ட காரல் மார்க்சின் உவமையும் (1867) இத்துடன் ஒத்துச் செல்வது.

2000ஆம் ஆண்டினை ஒட்டிப் பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, ஊதியமும் பணிக்கொடையும் பெறாமலே தொழிலாளர் பலர் லயங்களில் தங்க நேர்ந்தது. அவர்தம் அச்சத்தின் நிலைக்களன் அணங்கன்று, இறையே. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒளிபரப்பாகிய கத்தனார் தொடரில் குருதி குடிப்பவள் யட்சி மட்டுமே.

தொலைக்காட்சி வடிவத்தின் இயல்பே இதற்குக் காரணம் என்று கொள்ளவியலாது. தனித்தனிக் கதைகளின் தொகுதியாக அமைந்த ‘மர்மதேசம்’ வரிசையில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’, ஊரார் கருப்பசாமியின் செயலென நம்பும் கொலைகளுக்குப் பின்னே மனிதக் கை இருப்பதைக் காட்டியது. அணங்கின் திரையை விலக்கி மனிதரைக் காட்டத் தொலைக்காட்சியாலும் இயலும் என்பதற்கு இதுவே சான்று. அவ்வகையில் தேயிலை மலையின் கதையைச் சொல்லும் பேய்த்தொடர், ஆணி அறையும் முன் குருதி யாருடையது எனக் கேட்டாக வேண்டும். அப்போதே அணங்கொடு இறையையும் சேர்த்து எண்ணிய தொல்காப்பியரின் பகுப்பு முழுமை பெறும்.