நெற்றியில் போன், எதிரே நாடகம்

பங்குனிப் பொங்கல் சமயத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் வீடுகள் நிறைந்துவிடும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் வந்துசேர்வார்கள். ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்ததும் யாராவது “டம்ப் சராட்ஸ் ஆடுவமா மாப்ள” என்பார்கள். அதற்கப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கை கால் சும்மா இருக்காத ஒருத்தர் எழுந்து நடிப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கூச்சப்படுகிறவர்கள் தங்கள் முறை வரும்போது தண்ணீர் குடிக்க இறங்கிப் போய்விடுவார்கள். ‘ஹெட்ஸ் அப்’ செயலியை நான் பரிந்துரைப்பது முக்கியமாக இவர்களுக்காகத்தான்.

விளையாட்டு இவ்வளவுதான். சீட்டுக்கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போனைப் படுக்கைவாட்டில் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். திரை எதிரே இருப்பவர்களைப் பார்த்தபடி இருக்கும். அதில் வரும் சொல்லை அவர்கள் நடித்துக் காட்ட, போன் பிடித்தவர் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் போனைக் கீழே சாய்க்கலாம், தெரியாவிட்டால் மேலே சாய்த்துத் தாண்டிவிடலாம். ஒரு சுற்றுக்கு 60 நொடி. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் தன் நிகழ்ச்சியில் விளையாடிக் காட்டிப் பரப்பியது இது. 2013 மே மாதம் ஐபோனுக்கு வந்தபோது விலை 99 சென்ட். அவருடைய நிகழ்ச்சி 2022இல் நின்றுபோனது, விளையாட்டு நிற்கவில்லை. நெற்றியில் சீட்டை ஒட்டிக்கொண்டு ‘நான் யார்’ என்று கேட்கும் பழைய விளையாட்டுதான் இதற்கு மூலம். டரன்டினோவின் ‘இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’ (2009) படத்தில் மதுக்கடையில் ஆடுவார்களே, அதே விளையாட்டு.

நம் டம்ப் சராட்ஸில் நடிப்பவர் ஒருவர், ஊகிப்பவர்கள் பலர். இதில் ஊகிப்பவர் ஒருவர், நடிப்பவர்கள் பலர். சின்ன மாற்றம்போலத் தோன்றும், ஆனால் கூட்டத்தின் நடத்தையே மாறிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டும்போது யார் சரியாக நடிக்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. முன்னே நிற்கிறோம் என்ற பயம் அதோடு போய்விடுகிறது. பின்வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்த பெண் மூன்றாவது சீட்டில் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். போனோடு உட்கார்ந்திருப்பவரும் தப்ப முடியாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்வதுதான்.

மூலச் செயலியில் பல கட்டுகளுக்கு வாயால் குறிப்புச் சொல்லலாம். நடிப்புக்கென்றே தனிக்கட்டு உண்டு. எந்தக் கட்டானாலும் பேச்சைத் தடை செய்துவிடுங்கள் என்பது என் யோசனை. பேச விட்டால் நம் ஆட்கள் 10 நொடியில் விடையையே உளறிவிடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் இந்த விளையாட்டை எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்கிறவர்கள் விசைத்தறிக்காரர்கள். தறி ஓடும் கூடத்தில் பேச்சு எடுபடாது. நூல் அறுந்தது, பாவு தீரப்போகிறது, டீ வந்துவிட்டது எல்லாம் கையிலும் உதட்டிலும்தான். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இப்படி உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசும் வழக்கம் இருந்தது, அதற்கு ‘மீ-மோ’ என்று பெயரே உண்டு. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவர் உங்கள் அணியில் இருந்தால் உதட்டசைவு செல்லாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதிரணிக்கு வேலையில்லை.

இனி கருவி. சாய்வதைக் கண்டுபிடிக்கப் போனில் உள்ள ஆக்சிலரோமீட்டர் போதும். சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு எடை அதற்குள் இருக்கிறது. புவியீர்ப்பு இழுக்கும் பக்கம் அது இம்மி நகரும். அந்த நகர்வைத்தான் போன் அளக்கிறது. விலை குறைந்த போன்களிலும் இது இருக்கும், அதனால் இதற்காகப் புதுப் போன் தேட வேண்டாம். ஆனால் அதற்குத் தெரிவது சாய்வு மட்டும், காரணம் தெரியாது. சிரித்துத் தலையைப் பின்னால் சாய்த்தால் ‘தெரியாது’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடும். மொட்டைமாடியில் பாயில் படுத்துக்கொண்டு ஆட முடியாததும் இதனால்தான். படுத்தால் திரை வானத்தைப் பார்க்கும், நேர் எது சாய்வு எது என்ற கணக்கே மாறிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றாமல், போனின் இரு முனைகளையும் விரல்களால் பிடிப்பது நல்லது. சித்திரை வைகாசியில் நெற்றி வியர்வையில் போன் வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். பகலில் கரிசல்காட்டு வெயிலில் திரை தெரியாது. வேப்பமரத்தடியில்கூட வெளிச்சத்தை முழுக்க ஏற்ற வேண்டியிருக்கிறது, அப்படி ஏற்றினால் போன் சூடேறித் தானாகவே மங்குகிறது. ராத்திரிதான் இதற்குப் பொருத்தம். மழை பெய்த மறுநாள் ராத்திரி மட்டும் வேண்டாம், வெளிச்சமான திரையைத் தேடி ஈசல் முகத்துக்கே வரும்.

கேமரா விஷயத்தில் கொஞ்சம் கறார் வேண்டும். முன்பக்கக் கேமரா நடிப்பவர்களைப் படம் பிடிக்கிறது, சுற்று முடிந்ததும் போட்டுப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதே படம் மறுநாள் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலாவது ஏறினால் வீட்டில் சண்டை. வீடியோவை அணைத்துவிட்டு ஆடுவதே என் வழக்கம்.

பெரிய குறை சீட்டுக்கட்டுகள். ஹாலிவுட் நட்சத்திரங்களும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களும் திருச்சுழியில் ஓடாது. சொந்தமாகக் கட்டு உருவாக்கும் வசதி இதிலும், இதே பாணியில் வந்த சில இலவசச் செயலிகளிலும் உண்டு. அதற்கு ஒரு சாயங்காலத்தைச் செலவிடலாம், வீணாகாது. நான் போட்டுப் பார்த்த ஓர் இலவசச் செயலியில் ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ என்று தட்டினால் பாலகுமாரா திரைக்கு வெளியே போய்விட்டார். நீளத் தலைப்புகளைத் தவிர்க்கலாம், அல்லது அந்த வேடிக்கைக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

படத் தலைப்புகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. ‘சம்திங் சம்திங்’ என்று ஆரம்பித்த படம் ‘உனக்கும் எனக்கும்’ ஆனது அப்போதுதான். அரசு டம்ப் சராட்ஸை நினைத்துச் செய்திருக்காது, ஆனால் ஆட்டத்துக்கு அது பொற்காலம். ‘ஆடுகளம்’, ‘காக்கா முட்டை’, ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ போன்றவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்து நடிக்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்தச் சலுகை வலுவிழந்தது. இப்போதைய தலைப்புகளில் ‘ஜெயிலர்’ பரவாயில்லை, பூட்டைத் திறந்து காட்டினால் போதும். ‘லியோ’வை எப்படி நடிப்பது? பிள்ளைகள் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தலைப்பை விட்டுவிட்டுப் படத்தையே நடிக்கிறார்கள். ஒருவன் காபி ஆற்றுவான், இன்னொருவன் கழுதைப்புலியாக நாலு காலில் வருவான், விடை வந்துவிடும். விரலைக் காட்டி ‘இரண்டாவது சொல்’ என்று ஆரம்பிக்கிற பழைய ஒழுங்குக்கு 60 நொடியில் இடமில்லை. எனக்கு அதில் லேசான வருத்தம் உண்டு.

படங்களைவிட நன்றாக ஓடுவது ஊர்க்கட்டு. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுவது, பனையேறுவது, மல்லிகை தொடுப்பது, வற்றிய கண்மாயில் மீன் பிடிப்பது, மினிபஸ் படியில் தொங்குவது, எண்ணெய்ப் புரோட்டாவைத் தூக்கிப் போடுவது எல்லாம் எழுதி வைத்தால் எட்டு வயதுப் பிள்ளையும் நடிக்கும். ‘மதுரை’ என்ற சீட்டுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி வடக்கே கையைக் காட்டினோம், உடனே விடை வந்தது. சென்னையில் இது செல்லுபடியாகாது. ‘ரமணர்’ சீட்டு இன்னும் சுலபம். அவர் 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி, மௌனத்தாலேயே உபதேசித்தவர். ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதுவுமே செய்யாமல் இருந்தான். சுற்றிலும் அத்தனை பேர் கையை ஆட்டுகிற ஆட்டத்தில் ஒருவன் மட்டும் அசையாமல் இருந்தால் வேறென்ன விடை வரும்?

பெரியவர்களுக்கு நாடகக்கட்டு. இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். வேடன், விருத்தன், தினைப்புனம் காக்கும் வள்ளி, பபூன் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. போன் பிடிப்பவர் திரையை வாசிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி. எழுத்துக் கூட்டத் தெரியாத பேரனும் பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவும் எந்தத் தடையுமில்லாமல் ஆடலாம்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் செயலிக்குச் சரி, தப்பு தெரியாது. சொன்ன விடையை அது கேட்பதே இல்லை, சாய்த்தால் மதிப்பெண் போட்டுவிடும். ஆகவே நடுவர் வேலை கூட்டத்துக்கு. ‘எம்.ஜி.ஆர்.’ என்று சீட்டு வந்தது. ஒருத்தர் தொப்பி வைத்தார், இன்னொருத்தர் கறுப்புக் கண்ணாடி மாட்டினார், மீதிப் பேர் இரண்டு விரலைத் தூக்கினார்கள். அப்பத்தா “ரெட்டை இலை” என்று சொல்லிவிட்டுப் போனைச் சாய்த்துவிட்டார். விடை அதில்லை என்று பேரன் மல்லுக்கு நின்றான். 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான். “அந்த ஓட்டைப் போட்டவளுக்கு நீ பாடம் எடுக்கிறியா” என்று கேட்டார் அப்பத்தா. மதிப்பெண் அப்படியே இருந்தது.