எந்திரம் யார் கையில்?

காவிரி தெய்வம், எந்திரம் அரக்கன், பழமைக்குத் திரும்பினால் விடுதலை என்போர் இன்றும் உளர். 1909-இல் காந்தியார் தீட்டிய 'இந்திய சுயராஜ்யம்' எந்திரத்தைச் சாடிற்று. அதன் உள்ளம் அன்பு. ஆனால் மண்ணை வணங்குவோரெல்லாம் மனிதரை நேசிப்பதுண்டா? 'குருதியும் மண்ணும்' என முழங்கிற்று இட்லரின் செருமனி. பழந்தெய்வ மரபைப் போற்றிய இம்லரே, ஆலை நுட்பத்தோடு மக்களைக் கொன்ற முகாம்களையும் நடத்தினார்!

பெரியாரின் 'இனிவரும் உலகம்' வேறு வழி காட்டுகிறது. சட்டைப்பையில் கம்பியில்லாக் கருவி வருமென 1940-களிலேயே சொன்ன நூலென்று அதைப் புகழ்கிறோம். புகழ்ச்சி பொருத்தமே, வாசிப்புத்தான் பாதி. அந்நூல் காணும் உலகில் அரசனில்லை, தனியுடைமையில்லை. அரசற்ற சமுதாயம் நாடிய உருசிய அறிஞர் குரோபோட்கினும் எந்திரத்தை வரவேற்றார், பொதுவுடைமையாகவே வரவேற்றார்.

நம் சீர்காழி வயல்களில் இன்று அறுவடை எந்திரம் ஓடுகிறது. குனிந்த முதுகு நிமிர்ந்தது, நன்று. கூலியும் போயிற்றே! ஓய்வு வரவேண்டிய வீட்டில் வேலையின்மை வந்தால், குற்றம் இரும்பினுடையதா, உடைமையினுடையதா?

சட்டைப்பைக் கருவிக்காக அந்நூலைப் படித்தோம். தோழர்களே, இனி அறுப்பறுத்த அந்தப் பெண்களுக்காகவும் படிப்போம்!