281 திட்டங்களும் ஒரு மேயரின் பேச்சும்

அரசாங்க ஆவணத்துக்கு இலக்கிய இதழில் என்ன வேலை என்று கேட்கலாம். ஜொகூர்க்காரனுக்கு அதுவும் ஒரு பனுவல்தான். நான் சொல்வது 'இஸ்கந்தர் மலேசியா குறைந்த கார்பன் சமுதாயப் பெருந்திட்டம் 2025'. யூடிஎம்மும் கியோட்டோ, ஒக்காயாமா பல்கலைக்கழகங்களும் மற்றவர்களும் சேர்ந்து தயாரித்தது. 2012இல் டோஹா பருவநிலை மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. 12 செயல்கள், 281 திட்டங்கள்.

அதன் தலையாய வாக்கியம், 2005ஐ ஒப்பிட 2025க்குள் கார்பன் 'செறிவு' 58 விழுக்காடு குறையும் என்பது. எஞ்சினியர் புத்தி இந்த ஒரு சொல்லில் நின்றுவிடுகிறது. செறிவு என்றால் ஒவ்வொரு ரிங்கிட் உற்பத்திக்கும் எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்ற கணக்கு. பொருளாதாரம் மூன்று மடங்கு வளர்ந்தால், இலக்கைத் தொட்ட பிறகும் மொத்த வாயு கூடியிருக்கும். கணக்கில் பொய் கிடையாது. ஆனா, மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதில் 'பாதிக்கு மேல குறையப் போவுது' என்றுதான் விழும். அந்தச் சொல்லை அவருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் உள்ளூர்த் தலைவர்.

சும்மா சொல்லக்கூடாது, திட்டத்தில் நல்ல பகுதியும் உண்டு. கியோட்டோவைப் பார்த்து 2013இல் 23 தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய 'ஈகோலைஃப் சேலஞ்ச்' பிறகு வட்டாரம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் வீட்டு மின்சாரம், தண்ணீர்ப் பயன்பாட்டைப் பயிற்சி நூலில் எழுதிவைப்பார்கள். எனக்கு உறுத்துவது இதில் யாரிடம் பேசப்படுகிறது என்பதுதான். பைப்பை மூடச் சொல்லி அப்பாவை நச்சரிக்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற அனுமதி கொடுத்தது யார் என்று அதனால் கேட்க முடியாது.

அப்பா கேட்கலாமே? கேட்கலாம். பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆள் இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன, 1976 சட்டம் அந்தக் கதவை மூடியது. நகராண்மைக் கழக உறுப்பினர் நியமிக்கப்பட்டவர். அவர் பார்வை மேலே இருப்பதில் ஆச்சரியம் என்ன? அதனால்தான் நம்ம ஊர் விழிப்புணர்வுப் பேச்சுகள் எல்லாம் ஒரே பேச்சாக இருக்கின்றன. மரம் நடுவோம், துணிப்பை எடுப்போம், கோத்தோங் ரோயோங் செய்வோம். செய்ய வேண்டியவர் எப்போதும் கேட்பவர்தான்.

கோத்தா திங்கி 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் இரண்டு தடவை மூழ்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட். மழை கூடியது உண்மை. அந்த மழை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் விதி உண்டு. 2001இல் அமலுக்கு வந்த 'மஸ்மா' வடிகால் கையேட்டின்படி, நிலத்தை மேம்படுத்திய பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பு இருந்ததைத் தாண்டக்கூடாது. தாமானுக்குப் பின்னால் வேலிபோட்டுக் கிடக்கும் குளம் அதற்குத்தான். அதில் மண் படிந்தால் கொள்ளளவு போச்சு. இதை விளக்கிய தலைவர் ஒருவரையும் நான் கேட்டதில்லை.

விதிவிலக்காக ஒரு பேச்சு. 2024இல் ஜொகூர் பாரு மேயர் முகமட் நூராசாம் ஒஸ்மான், டேட்டா சென்டர் மோகம் மிஞ்சிப்போகிறது, இங்கே தண்ணீரும் மின்சாரமும் போதவில்லை, முதலீட்டுக்காக மக்கள் தேவையைப் பலியிடக்கூடாது என்ற பொருளில் பேசினார். 281 திட்டங்களைவிட இந்தப் பேச்சு எனக்கு முக்கியம். தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும். சர்வர்களைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். அனுமதி கொடுக்கும் பக்கத்தில் இருப்பவரே செலவைப் பேர் சொல்லிக் காட்டினார். அதே ஆண்டு டேட்டா சென்டர் விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை நிராகரித்ததாக மாநில அரசு அறிவித்தது. மேயர் பேசியதால்தான் என்று நான் சொல்லவில்லை.

அவரும் நியமிக்கப்பட்டவராகத்தான் இருந்தார். அவருக்குப் பின் வருபவர்கள் இந்தப் பேச்சைத் தொடர்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதுவரை, கோவில் கமிட்டியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தலைவரை மரம் நட அழைப்பதற்குப் பதிலாக அந்தக் குளத்தருகே அழைக்கலாம். வேலியில் 'உள்ளே நுழையாதே' பலகை ஏற்கெனவே இருக்கும். குளத்தின் கொள்ளளவு என்ன, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், அடுத்தது எப்போது என்று அதன் கீழே தமிழிலும் எழுதிப்போடச் சொல்லலாம்.